பித்தளை வளையமும் ஒரு கூடைச் சங்கும்

வலம்புரிச் சங்கு கதை கேட்கலாம் என்று யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். சங்குக் கரையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் நான் ஒரு வலம்புரியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. நான் பார்த்ததெல்லாம் சாதாரணச் சங்கு. அதிலும் வேண்டாமென்று தள்ளிய சின்னச் சங்கு. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் சொல்ல எனக்கு இருப்பது அந்தச் சின்னச் சங்குகளின் கதைதான்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கரையில் சங்கு அளக்கும் குமாஸ்தாவாக என்னைப் போட்டார்கள். எனக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாயும் ஆடும் தவிர வேறெதுவும் தெரியாத பூமி. கண்மாய் நிறைந்தால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கப் போகும். அப்படிப்பட்ட ஊர்க்காரனைக் கொண்டுபோய்க் கடலுக்குக் காவல் வைத்தார்கள். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

வேலை என்னவோ எளிதுதான். கடலில் விளையும் சங்கு சர்க்காருக்குச் சொந்தம். அனுமதிச் சீட்டு வாங்கிய குளியாட்கள் மூழ்கி எடுத்துவந்து கரையில் குவிப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரு பித்தளை வளையத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். வளையத்தில் நின்றுவிட்டால் பெரிய சங்கு. எடுத்தவருக்குக் கூலி உண்டு. வளையத்துக்குள் விழுந்துவிட்டால் குட்டிச் சங்கு, கூலி கிடையாது. அதை உயிரோடு கடலில் திரும்ப விட்டுவிட்டு, விட்டதாக ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது வளர்ந்து முட்டையிட்டால்தானே பின்னால் வருகிறவர்களுக்குச் சங்கு இருக்கும்.

புறப்படும் முன் ராமநாதபுரம் அலுவலகத்தில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒரே ஒரு புத்திமதி சொன்னார்.

"அந்தக் கரையில ஒருத்தன் கையில டீ வாங்கிக் குடிச்சாலும் வளையம் சுருங்கிரும். ஞாபகம் வச்சுக்க."

வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்கள், திருப்பி அனுப்பினேன். நுங்கு வெட்டி வைத்தார்கள், அப்படியே காயவிட்டேன். ஒரு மாதத்தில் யாரும் எதுவும் கொடுப்பதில்லை என்று ஆயிற்று. இரண்டு மாதத்தில் யாரும் பேசுவதில்லை என்றும் ஆயிற்று. மரத்தடியில் கூடிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் போனால் சிரிப்பு நின்றுவிடும். "வாங்க சார்" என்று எழுந்து நிற்பார்கள். நான் நகர்ந்ததும் திரும்பவும் பேச்சுக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். ஜும்மா என்பதால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். கரையே காலியாகிவிடும். ஓலைக் கொட்டகையில் நானும் என் வளையமும் மட்டும் இருப்போம். மத்தியானம் ஒரு பஸ் வந்து ரோட்டோர உடைமரத்தடியில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்ப்பேன், என்னைத் தேடி யாராவது இறங்குகிறார்களா என்று. எங்கள் அய்யா ஒரு தடவை வருவதாக எழுதியிருந்தார். மழை விழுந்துவிட்டது, விதைப்பு வேலை என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிட்டார். அப்புறம் அவர் வரவேயில்லை. அந்தக் கொட்டகைக்கு என்னைப் பார்க்கவென்று ஒரு மனுஷர் வந்ததில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தக் கரையில் காசிம் என்று ஒரு குளியாள். என் வயதுதான் இருக்கும். மூச்சுப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாயும் அப்படித்தான். சங்கு ஒன்றும் உருண்டை இல்லை, பாருங்கள். ஒரு பக்கமாகப் பிடித்தால் வளையத்தில் நிற்கும். கொஞ்சம் திருப்பினால் விழுந்துவிடும். எப்படிப் பிடிப்பது என்பது அளக்கிறவன் கையில் இருக்கிறது. நான் விழுகிறவரை திருப்புகிற ஆசாமி. காசிம் கொண்டுவந்த ஒரு சங்கை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து விழவைத்தபோது அவர் சொன்னார்:

"அத்தன சுத்துச் சுத்துனா நானே விழுந்துருவேன் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சந்தேகம் நன்றாக வளரும். இன்றைக்குத் தள்ளிய குட்டிச் சங்கையே நாளைக்குத் திரும்பக் கொண்டுவந்து, கூட்ட நெரிசலில் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ என்று எனக்கு ஓர் எண்ணம். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முக்கோண அரம் ஒன்று வாங்கி, தள்ளும் ஒவ்வொரு சங்கின் உதட்டிலும், அதாவது வாய் விளிம்பில், ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிடுவேன். சாயங்காலம் அளந்து முடிந்ததும் கூலியாட்கள் அந்தக் கூடைகளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் கொட்டுவார்கள். நான் கரையில் நின்று பார்த்துவிட்டு "உயிரோடு விடப்பட்டது" என்று எழுதுவேன்.

அதற்குப் பிறகு வெட்டு விழுந்த சங்கு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பார்த்தாயா, என் கெடுபிடிக்குப் பயந்துவிட்டார்கள் என்று எனக்குள் ஒரே பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஒருநாள் எங்கள் இலாகா பியூன் ஒருவன் வந்து காதில் ஓதினான், காசிம் வீட்டுக் கொல்லையில் குட்டிச் சங்கு குவிந்து கிடக்கிறது என்று. உடனே கிளம்பினேன். உண்மைதான். தென்னங்கீற்று போட்டு மூடிய ஒரு குவியல். எல்லாம் குட்டி. சதை இல்லாத வெறும் ஓடு. ஆனால் மேல்தோல் உரியாமல் பழுப்பாகவே இருந்தது. செத்து வெகுநாளான ஓடு வெளுத்துப் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இவை புதிதாகத் திருட்டுத்தனமாய் எடுத்துச் சதையைத் தின்ற சங்குகள் என்று நின்ற இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். குனிந்து ஒன்றைக் கையில் எடுக்கக்கூட இல்லை. செருப்புக்காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்ததோடு சரி.

"கரையில ஒதுங்குனத பொறுக்குனது சார். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடுறதுக்கு" என்றார் காசிம்.

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

"ஒண்ணையாச்சும் கையில எடுத்துத் திருப்பிப் பாருங்க."

"எனக்குத் தெரியும்யா. சீட்டக் கொடு."

அவர் சட்டைப் பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். கொட்டகைக்குத் திரும்பி, சீட்டை ரத்து செய்யச் சொல்லி அறிக்கை எழுதி, சீட்டையும் அதோடு வைத்து, மத்தியான பஸ்ஸிலேயே தபாலில் சேர்த்துவிட்டேன். எழுத்து அன்றைக்கு முத்து முத்தாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கரையில் ஒரு சுடுகுஞ்சு இல்லை. வெயில் ஏறின நேரத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் கொட்டகை வாசலில் வந்து நின்றார். காசிமின் வீட்டுக்காரி மைமூன். உள்ளே வரவில்லை. கையை மட்டும் நீட்டி ஒரு குட்டிச் சங்கை என் மேசை ஓரத்தில் வைத்தார்.

"இதுல ஒரு வெட்டு இருக்கு. இது யாரு வெட்டுன வெட்டு சார்?"

எடுத்துப் பார்த்தேன். உதட்டில் என் அரம் போட்ட வெட்டு.

"கொல்லையில கெடக்குற அத்தனையிலயும் இருக்கு. நீங்க கடல்ல போட்டீக. கடல் கரையில போட்டுச்சு. நான் பொறுக்குனேன். இதுல திருட்டு எங்கன இருக்கு?"

"உயிரோடதானே விட்டேன்" என்றேன்.

"மத்தியானத்துலருந்து சுடு மணல்ல கெடக்குது. சாயங்காலம் முழங்கால் தண்ணியில கொட்டுறீக. ஏழு பாகத்துல கெடந்தது முழங்கால் தண்ணியில எப்புடிப் பொழைக்கும்? ராவுல அலை தூக்கி வெளிய போட்டுரும். விடிஞ்சா நண்டும் காக்காயும் தின்னுட்டுப் போயிரும்."

பாகம் என்றால் ஓர் ஆள் இரு கையையும் விரித்த நீளம். சங்கு கிடப்பது அப்படி ஏழு ஆள் ஆழத்தில். நான் கொட்டியது முழங்கால் ஆழத்தில்.

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"பச்சப் புள்ளைக்கும் தெரியும்."

"ஏன் யாருமே சொல்லல?"

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கோபமாகக்கூட இல்லை.

"ஒங்ககிட்ட யாரு சார் பேசுறா?" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்காரவுக அண்ணன் கொழும்புக்குத் தோணி ஏறிப் போயி ஆறு வருஷமாச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு காயிதம் இல்ல. சீட்டு இல்லேன்னா இவுகளும் அங்கனதான் போகணும்னு ராத்திரியெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காக. அதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சங்கு மேசைமேலேயே இருந்தது. அந்தப் பருவத்தில் நான் "உயிரோடு" என்று எழுதிக் கையெழுத்திட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றும் பிழைத்திருக்காது. வெட்டு விழுந்த சங்கு திரும்பி வராததற்குக் காரணம் என் கெடுபிடி இல்லை. திரும்பி வர அவை உயிரோடு இல்லை. இதைத் தெரிந்துகொண்டும் அத்தனை பேரும் எழுந்து நின்று "வாங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஊரில் அய்யா என் சம்பளத்தை நம்பி இருந்தார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ராமநாதபுரம் போனேன். மேலதிகாரியின் மேசையில் அந்தச் சங்கை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"டீ குடிக்காதேன்னுதானே சொன்னேன். பேசாதேன்னா சொன்னேன்?" என்றார்.

சங்கை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இங்க பாரு. அறிக்கைய வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும். காரணம் எழுதுனா உன் ரெஜிஸ்டர் பொய்னு நீயே எழுதுன மாதிரி. உனக்கு வேல நிரந்தரமாகறது தள்ளிப் போகும், போகாமலும் போகலாம். வேணாம்னா பேசாம இரு. ரெண்டு மாசம் கழிச்சுச் சாட்சி இல்லேன்னு நானே இத மூடிர்றேன். அந்த ஆளுக்கும் கேஸ் இல்ல, உனக்கும் சேதம் இல்ல."

இரண்டு மாதத்தில் பருவம் முடிந்துவிடும். காசிம் அதற்குள் தோணி ஏறியிருப்பார். இது மேலதிகாரிக்குத் தெரிந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர்தான், எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். உங்களுக்கும் இந்த மாதிரி வழி காட்டுகிறவர்கள் வருவார்கள். யாருக்கும் சேதமில்லை என்று அவர்கள் சொல்லும்போது, அந்த அறையில் இல்லாத ஆளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

யோசித்து வருகிறேன் என்று வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. அந்த ஜில்லா முழுக்க என்னிடம் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் மைமூன்தான். அதுவும் நேற்றைக்கு, என் குற்றத்தைச் சொல்வதற்கு. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. திரும்பிப் போய் அந்தக் கொட்டகையில் அந்த வளையத்தைக் கையில் பிடிக்க வேண்டுமே என்ற நினைப்புத்தான் என்னை உள்ளே தள்ளியது. ஒரு தாள் கேட்டு வாங்கி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். முத்து முத்தான எழுத்தெல்லாம் இல்லை.

வேலை போகவில்லை. நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. காசிமின் சீட்டைக் கையோடு வாங்கி வந்து, மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று கொடுத்தேன்.

"தப்பு என்னோடது" என்றேன்.

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைக்குள் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"ஒரு ஒதவி வேணும். இன்னிக்குத் தள்ளுன சங்கு ஒரு கூடை இருக்கு. சாக்குல கட்டித் தண்ணியில போட்டு வச்சிருக்கேன். நாளைக்கு வள்ளத்துல கொண்டுபோய் ஆழத்துல விடணும்."

அந்தக் கரைக்கு வந்து நான் ஒருவரிடம் உதவி என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாங்க விட்டுட்டோம்னு வந்து சொன்னா நீங்க நம்புவீகளா?" என்றார் காசிம். "நீங்களும் வாங்க. வாந்தி வந்தா காத்துப் போற பக்கமா எடுங்க. எங்க மேல எடுத்துறாதீக."

போனேன். சொன்னபடியே வாந்தி எடுத்தேன். சங்குப் படுகைக்கு மேலே வள்ளத்தை நிறுத்தினார்கள். கூடையைத் தூக்கி அப்படியே கவிழ்த்துவிடலாம் என்று நான் எழுந்தேன். காசிம் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இவ்வளவு தூரம் வந்து எறியவா வந்தோம்? வாய் கீழ பாத்தாப்புல மணல்ல வச்சாத்தான் சட்டுனு புதையும். மல்லாக்கக் கெடந்தா மீன் கொத்திரும்."

வலைப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போட்டுக்கொண்டு அவரே மூழ்கினார். சங்கு எடுப்பதற்காக அல்லாமல், வைப்பதற்காக. கூலி கிடையாது அதற்கு. ஒவ்வொரு முறையும் அவர் கீழே இருக்கிற நேரம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். கடைசி முறை மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "படுத்துருச்சு" என்றார். எனக்குக் கண் கலங்கிற்று. உப்புத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன்.

கரைக்கு வந்ததும் மைமூன் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினார். வாந்தி எடுத்த வெறும் வயிறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. இரண்டும் சேர்ந்துதான் இந்த வேலை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். கீழக்கரையில் ஒரு பித்தளைக் கொல்லரிடம் சொல்லி, என் வளையத்தின் அதே அளவில் வள்ளத்துக்கு ஒன்றாக வளையம் செய்யச் சொன்னேன். குளியாட்கள் கையிலேயே கொடுத்தேன். கடலிலேயே அளந்து, விழுகிற சங்கை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்றேன். மேலதிகாரி கேள்விப்பட்டு, "இதக் காகிதத்துல கேக்காத. கேட்டா நான் இல்லேன்னுதான் எழுதணும்" என்றார். யாரும் ஏமாற்றவில்லையா என்றால், ஏமாற்றினார்கள், ஒன்றிரண்டு பேர். ஆனால் கரைக்கு வரும் குட்டிச் சங்கு குறைந்துபோயிற்று. என் அரத்துக்கு வேலை இல்லை. துருப்பிடித்துக் கிடந்தது.

என்னோடு எல்லாரும் ஒட்டிக்கொண்டார்கள் என்று கதை முடிப்பேன் என நினைக்காதீர்கள். மரத்தடிச் சிரிப்பு நான் வந்தால் அப்போதும் நின்றது. அளவு பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிக்க மாட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வாருங்கள். ஒரே ஒரு வித்தியாசம், நான் செய்வது தப்பென்றால் இப்போது முகத்துக்கு நேரே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தனிமை அப்படியேதான் இருந்தது. பஸ் வந்து நிற்கும்போது தலையைத் தூக்குகிற பழக்கமும் போகவில்லை. அந்த ஒரு கூடைச் சங்கு என்ன ஆயிற்று என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பழக்கதோஷத்தில் நான் உதட்டில் போட்ட வெட்டோடு ஆழத்துக்குப் போனவை அவை மட்டும்தான். ஒவ்வொரு பருவமும் குவியலில் தேடுவேன். முதல் வருஷம் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. மூன்றாம் வருஷத்தோடு தேடுவதை விட்டுவிட்டேன்.

ஐந்தாவது பருவம். நல்ல வெயில் நேரம். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. காசிம், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். தனியாக ஒரு சங்கைக் கையில் வைத்திருந்தார்.

"சார், ஒங்களப் பாக்க ஆள் வந்திருக்கு" என்றார்.

சங்கை என் மேசைமேல் வைத்தார். நல்ல கனமான சங்கு. உதடு முழுசாக, வழவழப்பாக இருந்தது. அதற்கு உள்ளே தள்ளி, பழைய உதடு இருந்த இடத்தில், ஒரு சின்ன அர வெட்டு. அதையும் தாண்டி வளர்ந்திருந்தது.

வளையத்தை எடுத்தேன். வைத்தேன். நின்றது. திருப்பினேன், நின்றது. என் வழக்கப்படி சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பியும் அது விழவில்லை. காசிம் சிரித்தார். நானும் சிரித்தேன்.